ஸ்கிராபிள் சொற்களை எழுத்துக் கூட்டமாகப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் ஸ்கிராபிள். அதை ஆட வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வரும், நிறையப் படித்தும் இருப்பார்கள். ஆனால் கையில் ஒரு கியூவும் இரண்டு ஐயும் வந்து விழுந்தால் திகைத்துப் போவார்கள். எதிரே இருப்பவரோ இரண்டெழுத்துச் சொல் ஒன்றை வைத்து 62 புள்ளிகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார். அடுத்த நாளே அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காருவார்கள். பத்தாம் நாள் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

அகர வரிசையில் படிப்பது இந்த ஆட்டத்துக்கு உதவாது. ஆட்டத்தில் உங்கள் கைக்கு வருவது எழுத்துகள். ஆகவே சொற்களையும் அவை பகிர்ந்துகொள்ளும் எழுத்தை வைத்தே கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதன் பொருளையும் எழுத வேண்டும். விதிப்படி பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும், ஸ்பானியம் தெரியாமலே 2024-இல் ஸ்பானிய உலகப் பட்டத்தையும் வென்றார். அந்த நினைவாற்றல் எல்லோருக்கும் வாய்க்காது. மற்றவர்களுக்குப் பொருள்தான் பிடிமானம். பொருள் தெரிந்தால் சொல் மறக்காது. அதைவிட முக்கியம், அந்தச் சொல்லின் பின்னால் எந்த எழுத்து ஒட்டும், எது ஒட்டாது என்பதும் பொருளிலிருந்தே தெரிந்துவிடும்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. இங்கே சொற்களை எழுத்துப் பெயரால் பிரித்துக் காட்டியிருக்கிறேன். தமிழில் எழுதும்போது இரண்டு எழுத்துகள் குழம்பும். இந்தக் கட்டுரையில் ‘டி’ என்றால் டாக் என்ற சொல்லின் முதல் எழுத்து, ‘டீ’ என்றால் டைகர் என்ற சொல்லின் முதல் எழுத்து.

1. எந்தப் பட்டியல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்கிராபிளில் செல்லும் சொல், செல்லாத சொல் என்பதைத் தீர்மானிப்பது பொதுவான ஆங்கில அகராதி இல்லை, ஒரு சொற்பட்டியல். உலகில் இரண்டு பெரிய பட்டியல்கள் புழக்கத்தில் உள்ளன. காலின்ஸ் பட்டியலில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள். இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா உட்பட உலகின் பெரும்பகுதியில் போட்டிகள் இதைக் கொண்டே நடக்கின்றன. வட அமெரிக்காவில் நாஸ்பா அமைப்பின் பட்டியல், அதில் 1,90,000-க்கு மேல். இரண்டெழுத்துச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் காலின்ஸில் 127, வட அமெரிக்கப் பட்டியலில் 107.

யாரோடு ஆடப்போகிறீர்களோ அவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதை மட்டும் படியுங்கள். இரண்டையும் கலந்து படித்தால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஒன்றைப் படித்து ஒரு வருடம் பழகியவருக்கே மற்றதற்கு மாறும்போது தடுமாற்றம் வரும்.

இன்னொரு பொறி, கைபேசியில் ஆடும் வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ். பார்க்க ஸ்கிராபிள் மாதிரியே இருக்கும். அதன் பட்டியலும் வேறு, எழுத்துகளின் மதிப்பும் வேறு. அங்கே சென்ற சொல் இங்கேயும் செல்லும் என்று நம்பி வைக்காதீர்கள்.

2. வாங்க வேண்டியவை, வாங்க வேண்டாதவை

உங்கள் பட்டியலின் புத்தகம் ஒன்று. ஒரு தடித்த நோட்டு. சிறிய அட்டைகள் ஒரு கட்டு. பென்சில். இவ்வளவு போதும்.

புத்தகம் வாங்கும்போது கவனம். வெறும் பட்டியல் மட்டும் உள்ள புத்தகத்தில் பொருள் இருக்காது. பொருளோடு வரும் வீட்டுப் பதிப்புகளில் எல்லாச் சொற்களும் இருக்காது. வட அமெரிக்காவில் கடைகளில் கிடைக்கும் மெரியம்-வெப்ஸ்டர் பதிப்பு அப்படித்தான். வசைச் சொற்கள் நீக்கப்பட்டிருக்கும், எட்டெழுத்துக்கு மேற்பட்ட மூலச்சொற்களும் இருக்காது. தொடக்கத்தில் பொருளோடு கூடிய பதிப்பை வாங்குங்கள். நீக்கப்பட்ட சொற்களைப் போட்டிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். குவாக்கிள் என்ற பயிற்சி மென்பொருள் இலவசம். நீங்கள் ஆடிய ஆட்டத்தை அதில் உள்ளிட்டால் ஒவ்வொரு முறையும் எந்த நகர்வு மேலானது என்று காட்டும். வூகிள்ஸ் தளத்திலும் இலவசமாக ஆடலாம், பட்டியலையும் தேர்ந்தெடுக்கலாம்.

நோட்டை எழுத்துக்கு மூன்று பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கியூ, எக்ஸ், இசட், ஜே, வி ஆகிய ஐந்துக்கு மட்டும் ஆறு பக்கம் விடுங்கள். அவைதான் நிரம்பும்.

3. இரண்டெழுத்துச் சொற்கள்: ஒரு வாரம்

வேறு எதையும் தொடுவதற்கு முன் இதை முடியுங்கள். இரண்டெழுத்துச் சொல் தெரியாதவர் ஒரு சொல்லைக் குறுக்காக மட்டுமே வைக்க முடியும். தெரிந்தவர் ஏற்கெனவே உள்ள சொல்லுக்கு இணையாக ஒட்டி வைப்பார். அப்போது ஒரே நகர்வில் நான்கைந்து சொற்களுக்குப் புள்ளி கிடைக்கும்.

127 என்றதும் மலைக்க வேண்டாம். அன்றாடம் எழுதும் சொற்களே நாற்பது தேறும். மீதியைப் பொருளின்படி கூட்டமாக்குங்கள்.

மேற்கத்திய இசையின் ஏழு சுரங்களும் செல்லும்: டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ. எழுத்துகள் வரிசையாக: டி-ஓ, ஆர்-இ, எம்-ஐ, எஃப்-ஏ, எஸ்-ஓ, எல்-ஏ, டீ-ஐ. கிரேக்க எழுத்துகளில் மியூ, நியூ, பை, க்ஸை ஆகிய நான்கும் இரண்டெழுத்தில் அடங்கும். அடுத்தது ஆங்கில எழுத்துகளின் பெயர்கள். ஏ-ஆர், இ-எஃப், இ-எல், இ-எம், இ-என், இ-எஸ், இ-எக்ஸ் என்ற ஏழும் சொற்கள். இ-எம், இ-என் இரண்டும் அச்சுக்கோப்பில் இடைவெளி அளவுகளும்கூட. ஆக மூன்று கூட்டத்தில் பதினெட்டுச் சொற்கள், அரைமணி நேர வேலை.

பிறகு வியப்பும் முனகலும்: ஏ-ஹெச், இ-ஹெச், ஓ-ஹெச், ஓ-டபிள்யூ, யூ-எம், எஸ்-ஹெச், ஹெச்-எம், எம்-எம். கடைசி மூன்றிலும் உயிரெழுத்தே இல்லை. கையில் மெய்யெழுத்துகள் மட்டும் தேங்கும் நாளில் இவை காப்பாற்றும்.

இனி உண்மையிலேயே புதிய சொற்கள். இவற்றுக்குப் பொருள் தெரியாவிட்டால் ஒரு வாரம்கூட நிற்காது.

ஏ-ஏ: உறைந்து கரடுமுரடான எரிமலைக் குழம்பு, ஹவாய் மொழிச் சொல்.
ஏ-ஐ: மூன்று விரல் கொண்ட, தேவாங்குபோல் மெல்ல நகரும் தென்னமெரிக்க விலங்கு. இரண்டு விரல் கொண்ட அதன் உறவுக்காரரும் செல்லும்: யூ-என்-ஏ-யூ. உயிரெழுத்து மிஞ்சும்போது இரண்டுமே கைகொடுக்கும்.
ஓ-இ: ஃபாரோ தீவுகளின் பக்கம் வீசும் சுழல்காற்று.
கே-ஏ: பண்டைய எகிப்தியர் நம்பிய, மனிதனுக்குள் உறையும் உயிர்வடிவம்.
எக்ஸ்-யூ: வியட்நாமில் முன்பு புழங்கிய சில்லறை நாணயம்.
ஜே-ஓ: ஸ்காட்லாந்து வழக்கில் காதலி, காதலன்.

ஒரு நாளைக்கு இருபது, அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் படித்ததை இரண்டாம் நாள் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இருபதுக்குப் போக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சொல்லைக் காதால் மனப்பாடம் செய்யாதீர்கள். நமக்கு எழுதுவதும் சொல்வதும் ஏறக்குறைய ஒன்று. ஆங்கிலத்தில் அப்படியில்லை. கியூ-ஐ என்பதை ‘சீ’ என்று உச்சரிப்பார்கள். ஒலியை வைத்து நினைவில் வைத்தால் ஆட்டத்தில் கை தவறும். எழுத்துகளைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதி, எழுத்துப் பெயரைச் சொல்லிப் படியுங்கள்.

4. கியூ: தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்

100 காய்களில் கியூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10. பள்ளியில் கியூவுக்குப் பின்னால் யூ வரும் என்று கற்றதால் புதியவர்கள் யூ வரும்வரை கியூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். யூ காய்கள் மொத்தம் 4. அவை எதிராளியிடம் போயிருக்கலாம். அப்படிக் காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு காய்களோடுதான் ஆடுகிறீர்கள்.

முதலில் மனதில் ஏற வேண்டியது கியூ-ஐ. சீன மரபில் உடலுக்குள் ஓடும் உயிராற்றல். இரண்டு பட்டியலிலும் கியூ உள்ள ஒரே இரண்டெழுத்துச் சொல் இதுதான். இதன் வேலையை அருகில் வைத்துப் பார்ப்போம். பலகையில் டாக்ஸி என்ற சொல் கிடைமட்டமாகக் கிடக்கிறது. அதன் கடைசி எழுத்து ஐ. அந்த ஐக்கு நேர் மேலே எழுத்து மதிப்பை மூன்று மடங்காக்கும் டிரிபிள் லெட்டர் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் கியூவை வைத்து, வலப்பக்கம் கையிலுள்ள இன்னோர் ஐயை வையுங்கள். கிடைமட்டமாக கியூ-ஐ. கீழ்நோக்கியும் கியூ-ஐ. கியூ மூன்று மடங்காகி 30, ஐக்கு 1, ஆக 31. புதிதாக வைத்த காய் இரண்டு சொல்லில் பங்கேற்றால் கட்டத்தின் பெருக்கம் இரண்டிலும் சேரும். மொத்தம் 62. செலவான காய்கள் இரண்டுதான். வலப்பக்க ஐக்குக் கீழே காய் எதுவும் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அங்கே உருவாகும் சொல்லும் செல்லுபடியாக வேண்டும்.

அடுத்து, யூ இல்லாத பிற கியூ சொற்கள். தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. இவற்றில் பாதி அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை, நம் காதுக்குப் பழக்கமானவை. ஃபக்கீர் (எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர்), புர்கா, நிகாப், தலாக் ஆகிய நான்கும் இரண்டு பட்டியலிலும் உண்டு, யூ இல்லாமலே கியூவோடு எழுதப்படும். புர்காவில் மட்டும் யூ வரும், ஆனால் கியூவுக்கு முன்னால். வக்ஃப் (டபிள்யூ-ஏ-கியூ-எஃப்), காதி (கியூ-ஏ-டி-ஐ) இரண்டும் காலின்ஸில் செல்லும். இவற்றோடு கியூ-ஏ-டீ, போதைக்காக மெல்லப்படும் இலை. கியூ-ஏ-ஐ-டி, வட ஆப்பிரிக்க முஸ்லிம் தலைவர். கனாத் (கியூ-ஏ-என்-ஏ-டீ), பாரசீக நிலத்தடிப் பாசனக் கால்வாய். எஸ்-யூ-கியூ, அரபுச் சந்தை. டிராங்க், மனதைத் தணிக்கும் மாத்திரைக்குப் பேச்சு வழக்குப் பெயர், கியூவில் முடியும். கியூ-ஓ-பி-ஹெச் (பி என்றால் பேப்பர் என்ற சொல்லின் முதல் எழுத்து), எபிரேய எழுத்து.

மொழிபெயர்த்து எழுதும்போது ஒருவர் கியூ போட்டார், இன்னொருவர் கே போட்டார். ஆங்கிலம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. அதனால் ஒரே பொருளுக்குப் பல எழுத்துக் கூட்டு. மெல்லும் இலையைக் கியூவோடும் எழுதலாம், கே-ஏ-டீ என்றும் கே-ஹெச்-ஏ-டீ என்றும் எழுதலாம். ஃபக்கீரில் கியூவுக்குப் பதில் கே போட்டாலும் செல்லும். தலைவரைச் சியில் தொடங்கி எழுதினாலும் செல்லும். நோட்டில் இவற்றை ஒரே வரியில் எழுதிவையுங்கள். கையில் கியூ இல்லாமல் கே வரும் நாளில் அந்த வரி பயன்படும்.

க்விஸ் என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் பன்மைக்கு இரண்டு இசட் வேண்டும். காய்களை எடுக்கும் பையில் இசட் ஒன்றுதான். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் காய் கையில் இருந்தால் மட்டுமே அதை நீட்ட முடியும்.

5. எக்ஸ், இசட், ஜே

எக்ஸ் எட்டுப் புள்ளிக் காய், ஆனால் கையாள எளிது. ஐந்து உயிரெழுத்தில் எதோடு சேர்ந்தாலும் அதற்கு ஓர் இரண்டெழுத்துச் சொல் உண்டு. ஏ-எக்ஸ் கோடரி, இ-எக்ஸ் முன்னாள் துணை, ஓ-எக்ஸ் எருது. இம்மூன்றிலும் உயிர் முன்னால். எக்ஸ்-ஐ, எக்ஸ்-யூ இரண்டிலும் உயிர் பின்னால். இந்த வரிசையை மாற்றி வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. ஐ-எக்ஸ் என்று ஒன்று கிடையாது, யூ-எக்ஸ்-உம் கிடையாது.

இசட்டுக்கு இரண்டு பட்டியலிலும் பொதுவான இரண்டெழுத்துச் சொல் இசட்-ஏ மட்டும், பீட்சாவின் சுருக்கம். காலின்ஸில் இசட்-ஓ, அதாவது யாக்கும் பசுவும் கலந்த கலப்பினம், கூடுதலாகச் செல்லும். 2019-இல் இசட்-இ என்ற பால்பொதுச் சுட்டுப்பெயரும் சேர்ந்தது. மூன்றெழுத்தில் இசட்-ஏ-எக்ஸ் கட்டாயம் தெரிய வேண்டும். கூரைக்குக் கற்பலகை வெட்டும் கருவி. இசட்-இ-கே, சோவியத் கட்டாய உழைப்பு முகாமின் கைதி.

ஜே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜே-ஓ இரண்டு பட்டியலிலும், ஜே-ஏ காலின்ஸில் மட்டும்.

6. வியும் சியும்

இரண்டு பட்டியலிலும் வி உள்ள இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. சிக்கு வட அமெரிக்காவில் ஒன்றும் இல்லை. காலின்ஸில் சி-ஹெச் மட்டும், பழைய வட்டார வழக்கில் ‘நான்’. ஆகவே பலகையில் வி கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இணையாக ஒட்டி வைக்க முடியாது. நீங்கள் முன்னிலையில் இருந்து பலகையை மூட நினைத்தால் வியை வெளிப்புறம் வையுங்கள். பின்தங்கியிருந்தால் அப்படி வைக்காதீர்கள்.

வியைக் கையிலிருந்து கழற்ற மூன்றெழுத்துச் சொற்கள்: வி-யூ-ஜி, பாறைக்குள் இருக்கும் சிறு பொந்து. வி-ஓ-இ, சிறு கடற்கழி. ஏ-வி-ஓ, மக்காவ் நாணயத்தின் நூறில் ஒரு பங்கு. டீ-ஏ-வி, எபிரேய எழுத்து. நம் வீணையும் இருக்கிறது, இரண்டு விதமாக: வி-ஐ-என்-ஏ, வி-இ-இ-என்-ஏ. இரண்டும் செல்லும்.

7. பொருளைப் பார்த்து வால் ஒட்டுங்கள்

பலகையில் உள்ள சொல்லின் முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்தை ஒட்டி வேறு சொல்லாக்குவதை ஹூக் என்பார்கள். புள்ளி குவிவது இதில்தான். நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு அது பெயர்ச்சொல்லா, வினையா, பெயரடையா என்றும் ஒரு குறி போடச் சொல்வது இதற்காகத்தான்.

பெயர்ச்சொல் என்றால் எஸ் ஒட்டும். கியூ-ஐ பெயர்ச்சொல், ஆகவே கியூ-ஐ-எஸ் செல்லும். கியூ-யூ-ஏ என்பதற்கு ‘என்ற முறையில்’ என்று பொருள், அது இடைச்சொல். எஸ் ஒட்டாது. ஆனால் அதன் பின்னால் டியோ ஒய்யோ ஒட்டலாம், முன்னால் ஏ ஒட்டினால் அக்வா ஆகிவிடும். இ-எக்ஸ் வினையாகவும் வரும், ‘அடித்து நீக்கு’ என்ற பொருளில். அதனால் இ-எக்ஸ்-இ-டி, இ-எக்ஸ்-இ-எஸ் இரண்டும் சரி. என்-டீ-ஹெச் பெயரடை, எஸ் ஒட்டாது. முனகல் சொற்களான எம்-எம், ஹெச்-எம் இரண்டுக்கும் எஸ் ஒட்டாது, இன்னோர் எம் ஒட்டும். ஏ-ஹெச், ஓ-ஹெச் இரண்டும் வியப்புச் சொல்லாக இருந்தும் எஸ் ஏற்கும், அவற்றை வினையாகவும் ஆள்வதால்.

நன்றாக இலக்கணம் படித்தவர்கள் தோற்கும் இடமும் இதுவே. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், மியூசிக் மூன்றுக்கும் பன்மை கிடையாது என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். பட்டியலில் மூன்றுக்கும் எஸ் உண்டு. மானைக் குறிக்கும் டீருக்கும் உண்டு. ஆட்டைக் குறிக்கும் ஷீப்புக்கு மட்டும் இல்லை. எதிராளி வைக்கும் பன்மை உங்கள் இலக்கணத்துக்கு உறுத்தினால் அவசரப்பட்டு எதிர்க்காதீர்கள். பட்டியலின் நடத்தை பாடப்புத்தகத்தின் நடத்தை இல்லை.

எஸ் காய்கள் மொத்தம் நான்குதான். எஸ் இல்லாமல் கிடைப்பதைவிட எட்டுப் புள்ளியாவது கூடுதலாகத் தந்தால் மட்டும் அதைச் செலவழியுங்கள்.

8. உயிரெழுத்து மிஞ்சினால், அறவே இல்லாவிட்டால்

இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, யூ 4. காய்களில் நாற்பதுக்கு மேல் உயிரெழுத்து. ஆகவே கையில் ஐந்து உயிர் சேரும் நிலை அடிக்கடி வரும். அப்போது அடியூ (விடைபெறும் சொல்), ஆடியோ, ஈரி (அமானுஷ்யமான) போன்றவை ஒரே நகர்வில் நான்கு உயிரைக் கழற்றும். ஏ-ஏ-எல்-ஐ-ஐ, ஹவாய்ப் புதர்மரம், இரண்டு ஏயும் இரண்டு ஐயும் தேங்கும்போது பயன்படும். காலின்ஸில் முழுக்க உயிரெழுத்தாலான ஆறெழுத்துச் சொல் ஒன்று உண்டு: இ-யூ-ஓ-யூ-ஏ-இ. கிறித்தவ வழிபாட்டு இசையில் ஒரு பாடல் முடியும் மெட்டைக் குறிக்கும். லத்தீன் வழிபாட்டு வரியான ‘செகுலோரும் ஆமென்’ என்பதிலுள்ள உயிரெழுத்துகளை மட்டும் வரிசையாக எடுத்தால் இந்தச் சொல் வந்துவிடும். அப்படியே நினைவில் வையுங்கள்.

உயிரே இல்லாத கைக்கு சி-டபிள்யூ-எம், பனியாறு குடைந்த வெல்ஷ் பள்ளத்தாக்கு. சி-ஆர்-டபிள்யூ-டீ-ஹெச், வெல்ஷ் நரம்பிசைக் கருவி. இரண்டும் பெயர்ச்சொற்கள், எஸ் ஒட்டும். வெல்ஷ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாக ஒலிப்பதால் வந்த வினோதம் இது.

9. ஏழெழுத்து: ஒரே எழுத்துகள், பல சொற்கள்

ஏழு காய்களையும் ஒரே நகர்வில் வைத்தால் கூடுதலாக 50 புள்ளி. இதைக் கண்டு நீளமான சொற்களைத் தேடித் தேடிப் படிக்காதீர்கள். அடிக்கடி கைக்கு வரும் எழுத்துகளால் ஆன சொற்களை மட்டும் படியுங்கள்.

முறை இது. அட்டையின் முன்பக்கம் எழுத்துகளை அகர வரிசையில் எழுதுங்கள்: ஏ-இ-ஐ-என்-ஆர்-எஸ்-டீ. பின்பக்கம் அவற்றைக் கலைத்துப் போட்டால் வரும் சொற்களைப் பொருளோடு எழுதுங்கள்: ரீடெய்ன்ஸ் (தக்கவைக்கிறது), ரெட்டினாஸ் (விழித்திரைகள்), நாஸ்டியர் (இன்னும் மோசமான), ஸ்டெய்னர் (சாயம் ஏற்றுபவர்), ஆன்ட்ஸியர் (இன்னும் பரபரப்பான), ஸ்டியரின் (கொழுப்பிலிருந்து எடுக்கும் திடப்பொருள்), ரெட்ஸினா (பிசின் மணமுள்ள கிரேக்க ஒயின்), ரட்டீன்ஸ் (சொரசொரப்பான துணி வகை). எட்டும் அதே ஏழு எழுத்துகள். ஆட்டத்திலும் கையிலுள்ள காய்களை ராக்கில், அதாவது அவற்றை நிறுத்திவைக்கும் தாங்கியில், அகர வரிசையில் அடுக்குங்கள். அட்டையில் பார்த்த வரிசை கண்முன் வந்து நிற்கும்.

எட்டையும் ஏன் படிக்க வேண்டும், ஒன்று போதாதா என்று கேட்கலாம். பலகையில் ஏழெழுத்தை வைக்க இடம் கிடைப்பதுதான் கடினம். ஒரு சொல்லின் முதல் எழுத்து ஓரிடத்தில் முட்டும், இன்னொன்றின் கடைசி எழுத்து பொருந்தும்.

எஸ்-ஏ-டீ-ஐ-என்-இ என்ற ஆறையும் கையில் சேர்த்துவிட்டால் ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் சொல் உண்டு. வி வந்தால்கூட நேட்டிவ்ஸ், நைவெஸ்ட், வெய்னெஸ்ட் என்று மூன்று. டி வந்தால் ஸ்டெய்ன்ட், டீடெய்ன்ஸ், இன்ஸ்டெட். கியூ வந்தால் ஒன்றுமில்லை.

10. நாள் கணக்கு

இரண்டெழுத்துக்கு ஒரு வாரம். கியூ, எக்ஸ், இசட், ஜே, வி கூட்டங்களுக்கு அடுத்த வாரம். மூன்றெழுத்துச் சொற்கள் காலின்ஸில் 1,300-க்கு மேல், வட அமெரிக்காவில் 1,000-க்கு மேல். நாளுக்கு இருபத்தைந்து என்றால் சுமார் இரண்டு மாதம். அதற்குப் பிறகே ஏழெழுத்து அட்டைகள்.

படித்த அட்டையை மறுநாள், நான்காம் நாள், எட்டாம் நாள், பதினைந்தாம் நாள் என்று திரும்பப் பாருங்கள். தவறினால் முதல் நாளுக்கே திரும்ப வேண்டும். தினமும் அரைமணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து படிப்பவர்கள் செவ்வாய்க்கிழமையே மறந்துவிடுகிறார்கள்.

11. மேசையில் உட்காரும்போது

போட்டியில் ஒருவருக்கு மொத்தம் 25 நிமிடம். அதைத் தாண்டும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளி போய்விடும். வீட்டில் பழகும்போதே கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

எதிராளியின் சொல்லை எதிர்க்கும் விதி இடத்துக்கு இடம் மாறும், ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் தவறாக எதிர்த்தால் உங்கள் முறை பறிபோகும். காலின்ஸ் போட்டிகள் பலவற்றில் 5 புள்ளி அபராதம். முறையே பறிபோகும் இடத்தில் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் எதிர்க்க வேண்டும். 5 புள்ளி மட்டும் என்றால் பாதிச் சந்தேகத்துக்கே எதிர்க்கலாம். ஒரே நகர்வில் நான்கு சொற்கள் உருவாகி அவற்றை எதிர்த்தால், நடுவர் நகர்வு செல்லும், செல்லாது என்று மட்டுமே சொல்வார். எந்தச் சொல் தவறு என்று சொல்ல மாட்டார். அடுத்த சுற்றில் அதே தவறான சொல்லை நீங்களே வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்களை மாற்றிக்கொள்ளப் பையில் குறைந்தது 7 காய்கள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போய்விட்டால் கையிலிருக்கும் கியூ கையிலேயே நின்றுவிடும். எதிராளி முதலில் முடித்துவிட்டால் அந்த ஒரு காயால் உங்களுக்கும் அவருக்கும் இடையே 20 புள்ளி வித்தியாசம் விழும். ஆகவே பையில் பதினைந்து காய்கள் மீதமிருக்கும்போதே பலகையில் திறந்திருக்கும் ஐகளை எண்ணிப் பாருங்கள். கியூ-ஐ வைக்க இடம் ஒன்றுகூட இல்லை என்றால், அந்தச் சுற்றிலேயே கியூவைப் பையில் போட்டு மாற்றிவிடுங்கள்.